ஒட்டினதைப் பிரிக்கத் தெரிய வேணும்

எங்கள் மரவேலை சேர் இந்த ஆண்டு காலமானார். அஞ்சலிக் குறிப்பில் ஒரேயொரு வரிதான் போட்டிருந்தார்கள். வாங்கு, தட்டு, கரும்பலகைச் சட்டம் செய்வித்த ஆசிரியராகவே பெரும்பாலானோர் அவரை நினைவில் வைத்திருப்பார்கள். நாலாம் மணி அடித்த பிறகு, கிணற்றடிக் கொட்டிலுக்கு யாழ்ப்பாணம் வலிகாமத்து வயலின்களும் வீணைகளும் வந்து குணமாகிப் போனதைப் பார்த்தவர்கள் சிலர்தான். கூட நின்று வேலை பழகியவர்கள் அதிலும் குறைவு, அவர்களில் ஒருவரும் இன்று ஊரில் இல்லை. அவர் தந்த வேலையை அவர் சொன்ன முறையிலேயே இந்த மலரில் பதிந்து வைக்கிறேன்.

முதல் தவணை முழுக்க ஒட்டுவதுதான் பாடம். கடையில் ஆயத்தப் பசை கிடைத்த காலத்திலும் அவர் வச்சிரத்தை, அதாவது மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையை, விடவில்லை. கட்டியை உடைத்து, அது மூழ்கும் அளவு பச்சைத் தண்ணீரில் முதல்நாள் பின்னேரமே ஊறப்போட வேண்டும். விடியத் தண்ணீரைக் குடித்து ஊதிப்போய் இருக்கும். அதை நேரே நெருப்பில் வைக்கக் கூடாது. சட்டியில் சுடுதண்ணீர், அதற்குள் பசைப் பேணி. சூடு 60 பாகையைச் சற்றுத் தாண்டினால் போதும். கொதிக்க விட்டால் பிடிப்பு முறிந்துவிடும். தூரிகையைத் தூக்கும்போது நூலாய் அறாமல் வழிய வேண்டும். சொட்டுச் சொட்டாய் விழுந்தால் தண்ணீர் கூட. குவிந்து நின்றால் குறைவு. ஒட்டப்போகும் இரண்டு முகங்களையும் வெயிலில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளச் சொல்வார். குளிர்ந்த மரத்தில் பூசினால், பொருத்தி இறுக்குமுன்னே பசை உறைந்து, மேலே தோல் மாதிரி நிற்கும், உள்ளே பிடித்திருக்காது. இன்னொன்று: வச்சிரம் இடைவெளியை நிரப்பாது. இரண்டு முகங்களையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு கீற்றும் தெரியாதபடி சீவுளி வேலை முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் பரீட்சை. ஒட்டு உறுதியாக இருக்கிறதா என்று அவர் ஒருநாளும் இழுத்துப் பார்த்ததில்லை. மழுங்கிய மேசைக் கத்தியைச் சுடுதண்ணீரில் தோய்த்துக் கையில் தந்து, "பிரிச்சுக் காட்டும் பாப்பம்" என்பார். மரம் பிய்யாமல் இரண்டு துண்டும் கழன்று வந்தால்தான் புள்ளி. ஒரு நார் மறுபக்கத்தோடு போயிருந்தாலும் அந்தத் துண்டை வாங்கு வாங்காய்க் கை மாற்றிப் பார்க்க விடுவார். யாருடையது என்று சொல்ல மாட்டார், எல்லோருக்கும் தெரியும். பதினான்கு, பதினைந்து வயதில் அது பெரிய அவமானம். பாதிப் பேர் அடுத்த ஆண்டு விவசாயப் பாடத்துக்கு மாறியதற்கு அதுவே காரணம்.

வயலினைத் திறக்கும்போதுதான் அந்தப் பரீட்சையின் பயன் தெரியும். மேற்பலகை ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள ஸ்புரூஸ் மரம். பக்கச் சுவர் ஒரு மில்லிமீற்றர் மட்டில்தான். மழைகாலத்தில் பலகை அகலவாட்டில் விரியும், காய்ந்த காற்றில் சுருங்கும். விளிம்பில் இருக்கும் பசை மரத்தைவிட வலிமையாக இருந்தால் அந்த இழுவை எங்கே போகும்? பலகையைப் பிளக்கும். "மரம் வெடிக்க முன்னம் பசை விட வேணும், தம்பி. பசை விட்டால் அரைநாள் வேலை." அதனால் மேற்பலகைக்குத் தண்ணீர் கூட்டிய மெல்லிய பசை, கழுத்துக்கும் அடிப்பலகைக்கும் தடித்த பசை. இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் பசையால் யாராவது வீட்டில் ஒட்டிய வயலின் வந்தால் அவர் முகம் மாறிவிடும். அந்தப் பசை வச்சிரம் போலத் தண்ணீருக்கு இளகாது. பழைய ஒட்டைச் சுரண்டி எடுக்கையில் மரமும் சேர்ந்து போகும். பிறகு முகங்கள் பொருந்தா. ஏற்கனவே வெடித்த பலகைக்கு, வெடிப்பைச் சுத்தம் செய்து வச்சிரம் ஊட்டி இறுக்கிவிட்டு, உள்ளே வெடிப்புக்குக் குறுக்கே சிறு ஒட்டுத்துண்டுகள் வைப்பார். அந்தத் துண்டுகளின் ஓரங்களைச் சரிவாய்ச் சீவிவிட வேண்டும். செங்குத்தாய் விட்டால் அந்த ஓரத்திலிருந்தே அடுத்த வெடிப்புத் தொடங்கும்.

சவுண்ட் போஸ்ட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயலின் வைத்திருக்கும் நம் பிள்ளைகளின் வீடுகளில் அதிகம் நடக்கும் கேடு அதுதான். 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள அந்தத் தூண் ஒட்டப்படுவதில்லை. மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே தந்தியின் அமுக்கத்தால் நிற்கிறது. நாலு தந்தியையும் ஒரேயடியாய்க் கழற்றினால் விழும். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, சுருதிக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். விழுந்தால் நிறுத்தும் இடம், தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல்தந்திப் (மிக மெல்லிய தந்திப்) பக்கக் காலுக்கு 2, 3 மில்லிமீற்றர் பின்னால், வால்துண்டுப் பக்கமாக. தூணின் நார் பலகையின் நாருக்குக் குறுக்காகத் திரும்பியிருக்க வேண்டும். ஒரே வாட்டில் இருந்தால் அது பலகையில் பதிந்து பள்ளம் போடும். நீளம் கூடின தூணை நெருக்கிச் செருகினால் அன்றைக்கு நாதம் கணீரென்று கேட்கும், கொஞ்சக் காலத்தில் அதே இடத்தில் பலகை வெடிக்கும். அந்த வெடிப்புத்தான் திருத்தக் கடினமானது.

குதிரையின் உயரம், விரல்பலகை முடிகிற இடத்தில் மேல்தந்திக்கு மூன்றரை மில்லிமீற்றர், தடித்த தந்திக்கு ஐந்தரை மட்டில். நாங்கள் சுருதியை இறக்கி ச-ப-ச-ப என்று சேர்ப்பதால் தந்தி தளர்ந்து அகலமாய் ஆடும். விரலுக்கு இலகு என்று அதற்குக் கீழே குறைத்தால் தந்தி விரல்பலகையில் தட்டி இரையும்.

முறுக்காணிகளுக்கு எங்கள் ஊரில் காற்றைத் தெரிந்திருக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் ஆணி சுருங்கி வழுக்கும். வாடையும் மழையும் வந்தால் ஊதி இறுகி அசைய மறுக்கும். வயலின் ஆணி, 30 மில்லிமீற்றர் நீளத்துக்கு 1 மில்லிமீற்றர் விட்டம் குறைகிற சரிவு. நன்றாய்ப் பொருந்திய ஆணியைச் சுழற்றிவிட்டுக் கழற்றினால், இரண்டு துளைகளும் படுகிற இரண்டு இடங்களில் வளையமாய் மினுக்கம் தெரியும். ஒரு வளையம் மட்டும் தெரிந்தால் அதை எவ்வளவு அமத்தினாலும் நிற்காது. துளையையோ ஆணியையோ திருத்த வேண்டும். பொருத்தம் சரியாயிருந்தும் வழுக்கினால் வெண்கட்டித் தூள். இறுகினால் காய்ந்த சவர்க்காரம். எண்ணெய் ஒருநாளும் கூடாது. மரம் அதைக் குடித்துவிட்டால் பிறகு எந்த ஆணியும் அந்தத் துளையில் பிடிக்காது.

வீணைகள் அந்தக் கொட்டிலுக்கு மகளிர் பாடசாலைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வரும். நவராத்திரிக்கு முந்திய மாதம் வைக்க இடம் இருக்காது. அநேகமானவை தஞ்சாவூர் வேலை, பலா மரம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய நாட்களில் சுமந்து வந்தவை. 1964 டிசம்பர்ப் புயலோடு தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. எண்பதுகளில் அதுவும் நின்றது. புதிய வீணை வருவது அரிதானதும் இருப்பதைத் திருத்துகிற கைக்கு மதிப்பு ஏறியது.

வயலினில் சுரம் பிழைத்தால் விரல் பொறுப்பு. வீணையில், நீண்ட கழுத்தான தண்டியில் குறுக்கே பதித்த மெட்டும் பொறுப்பு. ஏழு தந்தி, அதில் நாலு வாசிக்க, மூன்று தாளத்துக்கு. 24 மெட்டு, ஒரு ஸ்தாயிக்குப் 12. மெட்டுகளுக்கு முன்னே தந்தி தொடங்கும் மேருவிலிருந்து குதிரை வரை 84 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், குதிரையிலிருந்து அளக்கும்போது 12ஆவது மெட்டு 42இல் வரும். பஞ்சமத்துக்கான 7ஆவது 56இல். சுத்த மத்திமத்துக்கான 5ஆவது 63இல். மேற்பஞ்சமம் 19ஆவது, 28இல். கடைசி 24ஆவது 21இல். இந்த ஐந்தையும் பென்சிலால் குறித்த பிறகுதான் மற்றவற்றைத் தொட விடுவார். குறித்த புள்ளியிலேயே மெட்டை வைத்தாலும் சுரம் சரியாய் வராது. அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும். அதற்காக ஒவ்வொரு மெட்டையும் மயிரளவு மேருப் பக்கம் தள்ள வேண்டும். எவ்வளவு என்பதைத் தந்தியின் உயரமும் தடிப்பும் தீர்மானிக்கும், காது சொல்லும்.

மேளம், அதாவது மெட்டுகளின் அமைப்பு, கலைந்திருக்கிறது என்று வருகிற வீணைகளில் எல்லாம் மெட்டுத்தான் பிழை என்று அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். மேருவிலிருந்து குதிரைக்கு நூல் பிடித்துத் தண்டி வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். ஒட்டு வீணையில் தண்டியும் குடமும் சேரும் மூட்டு விட்டிருந்தால் தந்தியின் இழுவை தண்டியைத் தூக்கிவிடும். அப்போது எல்லா மெட்டிலும் தந்தி உயர்ந்து, சுரமும் ஏறிக் கேட்கும். மூட்டைத் திருத்தாமல் மேளம் கட்டினால் அது நிலைக்காது. அடுத்தது குதிரையின் மேலுள்ள உலோகத் தகடு. தந்தி உராய்ந்து அதில் கோடு விழுந்தால் நாதம் இரைச்சலாகும். தட்டையாய் அராவவும் கூடாது. தந்தி தொட்டும் தொடாமலும் விலகிப் போகிற மெல்லிய வளைவு வேண்டும். அந்த வளைவை அராவுகிற வேலையை மட்டும் அவர் கடைசிவரை எங்கள் கையில் தரவில்லை.

மெட்டுகளை நிறுத்தும் மெழுகுக்கு வருகிறேன். தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள். குங்கிலியத்தைப் பொடித்து மெல்லிய நெருப்பில் முதலில் இளக்கி, அதற்குள் மெழுகை விட்டு, கடைசியில் கரித்தூளைக் கலக்க வேண்டும். தேன்மெழுகு 62, 63 பாகையிலேயே உருகிவிடும். புகை கிளம்புகிற அளவுக்குச் சூடாக்கினால் தீப்பற்றும். குங்கிலியம் குறைந்தால் பங்குனி சித்திரை வெயிலில் மெழுகு இளகி மெட்டுத் தாழும். கூடினால் நொறுங்கி, கமகத்துக்குத் தந்தியை இழுக்கையில் மெட்டுக் கழன்று வரும். சரியான கலவையா என்று பார்க்க ஆறிய துண்டொன்றை நகத்தால் அமத்துவார். தடம் விழ வேண்டும், வெடிக்கக் கூடாது. தண்டியின் இரு கரையிலும் மெழுகை வரம்பாய்க் கட்டி, மெட்டுகளை வைத்து, ஒவ்வொன்றாய்ச் சுண்டிப் பார்த்து நகர்த்தி, சூடாக்கிய கம்பியால் அடியை இளக்கி நிறுத்துவது பொறுமையான வேலை. 12ஆவது மெட்டில் அழுத்திய சுரத்தையும், அதே இடத்தில் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பிய சுரத்தையும் ஒப்பிட வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் மெட்டு குதிரைப் பக்கம் கூடிப் போய்விட்டது. கழற்றிய பழைய மெழுகை எறிய மாட்டார். உருக்கித் துணியில் வடித்து, புதியதோடு சேர்ப்பார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது வீணைகள் வீடுகளிலேயே நின்றன. திரும்பி வந்தவர்கள் அவற்றை ஓடு போன கூரைகளின் கீழ், ஒரு மாரி நனைந்த நிலையில் கண்டார்கள். அப்போது நாங்கள் வெளிநாடுகளில். சேர் எழுதிய கடிதத்தில் வேலை விபரம்தான் நிறைந்திருந்தது. வச்சிரம் இட்ட மூட்டுகள் தாமாகவே துப்புரவாய்க் கழன்று கிடந்தன, மரத்துக்குச் சேதமில்லை. வேறு பசை போட்டவை மூட்டில் நிற்க, பக்கத்து மரம் கிழிந்திருந்தது. நனைந்த குடங்களை வெயிலில் வைக்க வேண்டாம் என்று வீடு வீடாய்ச் சொல்லியிருக்கிறார். நிழலில், நிலத்தில் படாமல், மாதக் கணக்கில் காய விட்டு, மரம் அசைவு நின்ற பிறகே ஒட்டினாராம். "கையாள் ஒருவரும் இல்லை" என்று ஒரு வரி. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

இங்கே ஆபத்து மறுபக்கம். ரொறன்ரோவில் தை, மாசியில் வீட்டுச் சூடாக்கி ஓடும்போது உள்ளே ஈரப்பதன் 20 வீதம் மட்டில் இறங்கும். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் 70க்கு மேல் பழகிய பலா மரம் அது. 40இலிருந்து 50க்குள் வைத்திருங்கள். ஈரப்பதன் காட்டும் சிறு கருவி விலை குறைந்தது. சூட்டுக்காற்று வரும் துவாரத்துக்குக் கிட்ட வீணையை வைக்காதீர்கள். குளிரில் கொண்டுவந்தால் பெட்டியை உடனே திறக்காமல் வீட்டுச் சூடு பிடிக்க விடுங்கள். குளிரில் மெழுகு நொறுங்கும், சின்னத் தட்டுக்கே மெட்டு உதிரும். மூட்டு விட்டால் கடைப்பசை எதையும் ஊற்றாமல், தந்தியைத் தளர்த்தி அப்படியே வைத்து, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

ஊரில் பாடசாலைகளின் இசை அறைகளில் மேளம் கலைந்த வீணைகள் நிற்கின்றன. ஆவணி விடுமுறைக்குப் போகிறவர்களில் வேலை தெரிந்த இருவர் சேர்ந்தால், கொண்டு போக வேண்டிய கருவிகள் ஒரு பயணப் பெட்டிக்குள் அடங்கும்; மெழுகும் குங்கிலியமும் அங்கேயே வாங்கலாம். இரண்டு கிழமைக்குள் சில வீணைகளுக்கு மேளம் கட்டிவிடலாம். சங்கம் இதை ஒழுங்குசெய்ய வேண்டும் என்று கேட்கிறேன். ஆனால் புது மெழுகில் நின்ற மெட்டு, வாசிக்க வாசிக்க அமர்ந்து இடம் மாறும். சில மாதம் கழித்து அதே வீணையை மடியில் வைத்து, பிசகினவற்றை மறுபடி இளக்கிச் சரிசெய்ய வேண்டும். சேர் அதற்குக் காசு வாங்கியதில்லை, கொட்டிலுக்குக் கொண்டு வரச் சொல்லுவார். அந்த இரண்டாம் முறைக்கு நாங்கள் அங்கே இருக்க மாட்டோம்.