பனி விலகினா சரியாயிடும்

காபிப் பழம் எடுப்பு உச்சத்தில் இருந்த டிசம்பரில், எடைக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரிடம் நான் சொன்ன வார்த்தை இது: "பனி விலகினா சரியாயிடும் தம்பி." அவர் எடைப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே, "பனி விலகுறப்ப சீசனும் முடிஞ்சிரும் சார். அப்ப எது சரி பண்ணுச்சுன்னு சொல்வீங்க?" என்றார். ஒரு பெண் பறித்த 43 கிலோ, அந்தப் பக்கத்தில் 34 என்று விழுந்திருந்தது. அவள் கூலி அது.

அவருக்கு எட்டு மணி நேரம் தூங்கியும் தூக்கம், சோறும் இனிப்புமாகத் தேடுவது, யாரோடும் பேச்சில்லை. ஏற்காட்டில் இதை "மப்பா இருக்கு" என்று விட்டுவிடுவோம். 1984-ல் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரின் குழு விவரித்த பருவகால மனச்சோர்வு, குளிர்காலத்தில் பகல் வெகுவாகச் சுருங்கும் தூர வடக்கு நாடுகளுக்குப் பொருந்துவது. இங்கே ஜூனைவிட டிசம்பர் பகல் சுமார் ஒரு மணி இருபது நிமிடம்தான் குறைவு. ஆகவே சூரியனைக் குற்றம் சொல்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் குளிருக்குப் பயந்து ஜன்னல் சாத்திய அறையில் டியூப் லைட் தருவது சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). மூட்டமான பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். வெளிச்சம் வேலை செய்வது கண் வழியாக. மங்கி குல்லாவோடு நின்றாலும் பலன் உண்டு. அதனால் காலைப் பேரேடு முடிந்ததும் அரை மணி, களத்தில் பார்ச்மென்ட் (தோல் நீக்கிக் காயவைக்கும் காபிக்கொட்டை) கிளறும் இடத்தில் அவரை நிற்கச் சொன்னேன். இதற்கென்றே உள்ள 10,000 லக்ஸ் சிகிச்சை விளக்கு வாங்கினாலும் இதே அரை மணிதான், காலையில்தான். மாலையில் வைத்தால் தூக்கம் கெடும். வீட்டு எல்இடி பல்பு அதற்கு ஈடாகாது. மனம் தாறுமாறாக ஏறி இறங்கும் பைபோலார் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விளக்கைத் தொடக்கூடாது. தைராய்டும் ரத்தசோகையும் இதே முகத்தோடு வரும், முதலில் ரத்தம் பார்க்கணும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் மருத்துவர். சாகணும்போல் தோன்றினால் அன்றைக்கே, டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-க்கும் பேசலாம்.

பொங்கலுக்குள் அவர் எண்கள் நேராகின. பழமும் பாதியாகக் குறைந்திருந்தது. களத்து வெளிச்சமா, குறைந்த மூட்டையா?

இன்னொன்றும் உறுத்துகிறது. அவர் களத்தில் நின்ற அரை மணியின் கணக்கை எழுதியது புதுப் பையன், அதே இருட்டு மேசையில். ஜன்னலோரம் தராசு இருந்ததால் மேசையை நகர்த்தவில்லை. தராசை நகர்த்தியிருக்கலாம்.