பெருவிளை வேப்பமரத்தடியில்

மாமி படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். ஜெபமாலை சொல்லி முடித்த வாய் ஈரம் காய்வதற்குள் அவர்களிடம் சுள்ளென்று விழுந்துவிடுவேன். இரவில் அதை நினைத்து அழுவேன், விடிந்தால் மறுபடியும் அதே கதை. இந்த பாரத்தோடுதான் தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், நாத்தனாரை மாமிக்குத் துணை வைத்துவிட்டு, பங்கு மக்களோடு, விசுவாசத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட புனித தேவசகாயம் வாழ்ந்த இடங்களைப் பார்க்க வேனில் ஏறினேன்.

முதலில் நட்டாலம். 1712-இல் நீலகண்ட பிள்ளையாக அவர் பிறந்த ஊர். மார்த்தாண்ட வர்மா மன்னரின் அரண்மனையில் அதிகாரியாக இருந்தவர். கால்நடைகள் செத்து, விளைச்சலும் போய் மனம் ஒடிந்திருந்த நேரத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர் படையிலேயே சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத விவிலிய யோபுவின் கதையைச் சொன்னார். அங்கேதான் விதை விழுந்தது. 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் சொன்னால் தேவசகாயம். அதுவே அவர் பெயரானது. மனைவி பார்கவியும் பின்னால் ஞானப்பூ ஆனார்.

புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. தாகம் தாங்காமல் அவர் முட்டியால் இடித்தபோது தண்ணீர் சுரந்த இடம் என்று கும்பிடுகிறோம். எல்லோரும் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது பெருவிளை. இங்கேதான் என் கால் நகரவில்லை. கிறிஸ்தவரான பிறகு அவரைக் கைது செய்தவர்கள், ஏழு மாதம் வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனது, அடித்துக் காயத்தில் காரம் தடவியது, இதெல்லாம் சின்ன வயதிலிருந்தே கேட்டதுதான். ஆனால் ஏழு மாதத்தை நான் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. இருநூறு நாளுக்கு மேல்! ஒவ்வொரு நாளும் விடிகிறது, அதே கயிறு, அதே வெயில், அதே காவலாளிகள். துப்பாக்கிக் குண்டை ஏற்கும் தைரியம் ஒரு நொடியில் வந்துவிடலாம். நேற்று அடித்தவனிடம் இன்று காலையிலும் கசப்பில்லாமல் பேசுவதற்கு என்ன ஜெபம் வேண்டும்? திருமுழுக்கிலிருந்து மரணம் வரை ஏழு வருடம்கூட முழுதாக இல்லை. அந்தக் குறுகிய காலத்தில் அவருடைய விசுவாசம் வேர் பிடித்தது இந்த மாதிரி நாட்களில்தான் என்று எனக்குப் பட்டது. நான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது பெரிய விசுவாசம். அன்று முதல்முறையாக, “நாளைக் காலைக்கு மட்டும் பொறுமை கொடும் ஆண்டவரே” என்று கேட்டேன். கண்ணீர் நிற்கவில்லை.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை முன் மெழுகுதிரி ஏற்றினோம். அப்புறம் ஆரல்வாய்மொழி, காற்றாடிமலை. அந்தக் கணவாய்க் காற்றில் முக்காடு தலையில் நிற்காது. சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டே ஏறினோம். 1752 ஜனவரி 14 அன்று அவர் சுடப்பட்ட இடத்தில் முழந்தாளிட்டோம். மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் கோயில் மணி போலவே ஒலிக்கிறது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது எங்கள் பங்கில் அடித்த மணி ஞாபகம் வந்தது. குருவும் அல்ல, துறவியும் அல்ல. இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். மனைவி, வீடு, மாடு, வயல் என்று எங்களைப் போல் வாழ்ந்த மனுஷன். அதனால்தான் அவரிடம் மாமியைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமில்லை.

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது.

“வந்தாச்சா மக்ளே? எங்க போயிருந்த?” என்றார்கள் மாமி.

பெருவிளையில் பொறுக்கிய வேப்பிலையை அவர்கள் உள்ளங்கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தார்கள். நடந்ததையெல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்கள். துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டபோது கையிலிருந்த இலையைப் பார்த்து, “இது எங்க உள்ளது? நீ எங்க போயிருந்த?” என்று கேட்டார்கள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நட்டாலத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.