30க்கு 22 வந்தா பயப்படணுமா?

சொந்தக்காரர்கள் யாராவது வாட்ஸ்அப்பில் "அம்மாவுக்கு மறதி டெஸ்ட் எடுத்தோம், 30க்கு 22தான், டிமென்ஷியாவா?" என்று கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அம்மா எத்தனாவது வரை படிச்சாங்க என்பதைத்தான்.

பெரும்பாலும் அந்தத் தாள் எம்.எம்.எஸ்.இ., ஞாபகம், கவனம், கணக்கு, எழுத்து எல்லாவற்றையும் சில நிமிஷத்தில் பார்க்கிற 30 மார்க் சோதனை. 1975இல் அமெரிக்காவில் வந்தது. 23 அல்லது அதற்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது பரவலாகப் புழங்கும் கோடு. ஆனால் அதே அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பொதுமக்களிடம் எடுத்து 1993இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: ஒன்பது வருஷமாவது படித்தவர்களின் நடு மதிப்பெண் 29, ஐந்து முதல் எட்டு வருஷம் படித்தவர்களுக்கு 26, நாலு வருஷமோ அதற்கும் குறைவாகவோ படித்தவர்களுக்கு வெறும் 22. ஆக, நாலாங்கிளாஸோடு நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 22ஐத் தாண்டவே இல்லை. அத்தனை பேருக்குமா நோய்?

எங்கள் அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். தேதி கேட்டதற்கு "ஆடி முடிய இன்னும் நாலு நாள் கெடக்கு" என்றார். சரியான பதில்தான், தாளில் அதற்குக் கட்டம் இல்லை. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னதும் பேச்சே இல்லை, காலமெல்லாம் பூ விற்றுச் சில்லறை எண்ணிக் கொடுத்த மனுஷி. அப்புறம் ஒரு வாக்கியம் எழுதணும், இரண்டு ஐங்கோணம் வரையணும், பேனாவே பிடிக்காத கையால். மார்க் போன இடங்களில் பாதிக்கு ஞாபகத்தோடு சம்பந்தமே கிடையாது. ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 1990களில் செய்த இந்தி வடிவத்தில் கழித்தலுக்குப் பதில் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். இது நியாயம்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகக் கவலை. தல்லாகுளத்தில் ஒரு மாமா, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், 28 வாங்கி "நார்மல்" என்று வீடு திரும்பினார். ஊர்ச் சீட்டுக் கணக்கையே மனதில் வைத்திருந்தவர் இப்போது காலையில் கேட்டதையே மத்தியானமும் கேட்கிறார் என்று அத்தை சொன்னது தாளில் ஏறவில்லை. அவ்வளவு படித்தவருக்கு அந்தக் கேள்விகள் சுலபம், நிறைய இழந்த பிறகுதான் மார்க் விழும். அவரை அவர் வயதில், அவர் அளவு படித்தவர்களோடு, நீளமான சொற்பட்டியல் வைத்த சோதனையில் ஒப்பிட வேண்டும்.

சரி, ஒப்பிடுகிற கூட்டமாவது சுத்தமா? வயதானவர்களை "ஆரோக்கியமாக இருக்கிறார்கள்" என்று நம்பிச் சேர்த்து ஒரே ஒரு முறை சோதித்துச் சராசரி போடுகிறார்கள். அவர்களில் சிலருக்கு நோய் வெளியே தெரியாமல் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். அவர்கள் சராசரியைக் கீழே இழுப்பார்கள், மதிப்பெண்களின் பரவலையும் அகலமாக்குவார்கள், அதனால் "இதற்குக் கீழே வந்தால் பிரச்சினை" என்கிற கோடும் இறங்கிவிடும். எடைக்கல்லே தேய்ந்துபோன தராசு மாதிரி. ஆரம்பகட்ட நோயாளிகள் அந்தக் கோட்டுக்கு மேலேயே நின்று தப்பிவிடுவார்கள். அதனால்தான் சில ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கூட்டத்தைச் சில வருஷம் தொடர்ந்து பார்த்து, பின்னால் நோய் வந்தவர்களின் பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி போடுகிறார்கள். "வயசுக்கு இது சரிதான்" என்று சொல்லும்போதும் இதே சிக்கல் உண்டு, எண்பத்தைந்து வயதில் நோயே அதிகம்.

இன்னொன்று, ஏழெட்டு சோதனை வைத்தால் நல்லா இருக்கிறவருக்கும் ஏதாவது ஒன்றில் குறையும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டாம்.

முடிந்தால் பழைய தாளைப் பத்திரமாக வைத்து, ஒரு வருஷம் கழித்து அவரை அவரோடேயே ஒப்பிடச் சொல்லுங்கள். ஆனால் இரண்டாம் முறை பழக்கத்தாலேயே கொஞ்சம் மார்க் கூடும், அதே சொற்கள் நினைவில் நின்றிருக்கலாம். மோகா (இதுவும் 30 மார்க் மறதி டெஸ்ட்தான்) மாதிரிச் சோதனைகளுக்கு வேறு சொற்கள் வைத்த மாற்றுத் தாள்கள் உண்டு, டாக்டரிடம் கேட்டு வாங்கி அதில் எடுங்கள்.