அந்தப் பசுவை அறுத்திருக்கக் கூடாது

சிங்கப்பூரின் ஈசூன் நூலகத்தில் இரவல் வாங்கிய மர்ம நாவலை நேற்றிரவு ரயிலில் படித்து முடித்தேன். கிராமத்துக் கால்நடை மருத்துவர் ஒரு கொலையைத் துப்பறிகிறார் என்று பின்னட்டையில் பார்த்ததுமே ஆசையாக எடுத்த புத்தகம். மனம் ஆறவில்லை.

எவ்வளவு அருமையான களம்! கன்று ஈனத் தவிக்கும் பசுவுக்காக நள்ளிரவிலும் எந்த வீட்டுக் கதவும் அவருக்குத் திறக்கும். யாருக்கும் யாருக்கும் வரப்புத் தகராறு, யார் கடன் தாங்காமல் மாட்டை விற்கப் பார்க்கிறார் என்பதெல்லாம் தொழுவத்தில் நின்றபடியே காதில் விழும். ஆசிரியர் இதில் எதையுமே தொடவில்லை.

ஒரு காட்சியில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. மூக்கிலிருந்து உறையாத இரத்தம் வழியச் செத்துக்கிடக்கும் பசுவை மருத்துவர் வயலிலேயே அறுத்துப் பார்க்கிறார். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளம் அல்லவா அது! உடலைத் திறந்தால் கிருமி காற்றுப்பட்டு வித்துகளாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் தங்கிவிடும். காதிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் முறை. அந்தத் துளியிலேயே நல்ல துப்பு ஒன்று கிடைத்திருக்குமே.

கடைசியில் கொலையாளி தானே வந்து ஒப்புக்கொள்கிறான்.

இன்று காலை தேக்காவில், பஃபலோ ரோட்டில் நடக்கும்போதும் அந்தப் பசுதான் நினைவில் நின்றது.