கண்ணுக்கு விடுகிற மருந்தும் சுடுதண்ணித் துணியும்

மாசியில் வெட்டு மெஷின் வயலுக்குள் இறங்கினால் கிளிநொச்சிப் பரந்தன் பக்கம் யாருக்குத்தான் கண் சிவக்காது? எனக்குச் சிவந்தபோதும் வீட்டில் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. மாமி நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தந்தார். பக்கத்து வளவு அக்கா கண்ணோய் தொற்றிவிடும் என்று பிள்ளைகளை எங்கள் பக்கம் விடவேயில்லை.

அறுவடை முடிந்து, நெல்லும் விற்று, தூசி அடங்கிய பிறகும் கண் ஆறவில்லை. காலையில்தான் மோசம். இமை இரண்டும் ஒட்டிக் கிடக்கும். மயிர் அடியில் மஞ்சள் செதில். காற்றுப் பட்டால் கண்ணீர் வழியும். பார்மசியில் கேட்டு வாங்கிய மருந்தை விட்டதும் கண் வெளுத்தது, நிறுத்தியதும் பழையபடி.

கடைசியில் அரச ஆசுபத்திரிக் கண் கிளினிக். விடியப் போய் நம்பர் எடுத்து, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். டொக்டர் நாடியைக் கண் பார்க்கிற மெஷினில் வைக்கச் சொல்லி இமையின் ஓரத்தைப் பஞ்சுக் குச்சியால் மெல்ல அமத்தினார். பற்பசை மாதிரித் தடித்த வெள்ளையாக ஏதோ வந்தது. "இது எண்ணெயாக வர வேண்டியது, தங்கச்சி" என்றார்.

மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்குமாம். கண்ணீர் காய்ந்து போகாமல் மேலே படர்ந்து காப்பது அந்த எண்ணெய். அது கட்டிப்பட்டு வாசல் அடைத்தால் கண் காயும், எரியும். காய்வதால்தான் இன்னும் தண்ணீர் வடிகிறது என்றதும் எனக்கு நம்பவே முடியவில்லை. தலையில் பொடுகு இருக்கிறதா என்றும் கேட்டார். இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டாம். நோயின் பெயர் இமை அழற்சி. தொற்றாது. (பக்கத்து வளவு அக்காவிடம் அன்று பின்னேரமே சொல்லியாயிற்று.)

நான் கொண்டுபோன மருந்துப் போத்தலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதில் ஸ்டீரொயிட் கலந்திருந்தது. சிவப்பு உடனே போகும், ஆனால் டொக்டர் பார்க்காமல் நெடுநாள் விட்டால் கண் அழுத்தம் கூடும், கண்புரையும் வரலாம். கடைக்காரர் அதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

உண்மையான வைத்தியம் துணிதான். சுடுதண்ணிப் போத்தலில் இருந்து கோப்பையில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்ப்பேன். சுடக் கூடாது, இதமாக இருக்க வேண்டும். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து மூடிய கண்ணில் 5 முதல் 10 நிமிடம். துணி சட்டென்று ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். எல்லோரும் இதில்தான் பஞ்சிப்படுவார்கள். பிறகு விரலால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும், மயிர் இருக்கும் பக்கமாக மெல்ல வழிக்க வேண்டும். அப்புறம் கொதித்தாறிய நீரில் குழந்தை ஷாம்பு ஒரு துளி விட்டு, பஞ்சால் இமை ஓரத்தைத் துடைப்பது, கண்ணுக்கு ஒரு பஞ்சு. காலையும் இரவும். முதல் சில கிழமை இமையில் பூச ஒரு களிம்பும் தந்தார். மை பூசுவதை நிறுத்தச் சொன்னார்.

ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது, காலையில் கண் ஒட்டாமல் திறக்க. முற்றாகப் போகிற வருத்தம் இல்லை, கைவிட்டால் திரும்பும் என்று அன்றே சொல்லிவிட்டார். சரி, முகம் கழுவுகிற மாதிரி இதுவும் என்று வைத்துக்கொண்டேன். சிறுபோக வேலை கூடினால் இரவு ஒத்தடம் மட்டும்.

எங்கள் ஊருக்கு முக்கியமானது இன்னொன்று. கண்ணில் நெற்சுணையோ வைக்கோலோ அடித்துப் பிறகு நோவு, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் வந்தால் அது இமைப் பிரச்சினை இல்லை. கருவிழிப் புண்ணில் பூஞ்சை பிடிக்கலாம், ஸ்டீரொயிட் விட்டால் அது இன்னும் மோசமாகும். அன்றே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும், பூவும் வேண்டாம், பார்மசியும் வேண்டாம். இந்த முறை மெஷினோடு நிற்பவர்களுக்கென்று ஹார்ட்வெயார் கடையில் வெள்ளைக் கண்ணாடிகள் வாங்கி வைத்திருக்கிறேன். மாமா மட்டும் போட மாட்டாராம்.