ஊசி இறங்கிய நாள்

பழைய ஃபோர் வீல் வண்டிகளோடு வேலை செய்ய ஆரம்பித்த புதிதில், டாஷ்போர்டில் இருக்கும் ஹீட் மீட்டர் ஊசி சொல்வதை அப்படியே நம்பினேன். கள ஆய்வுக் குழு ஒன்றுக்கு வண்டி ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. ஒரு நாள் நீளமான ஏற்றம் ஒன்றில் லோ கியரில் ஊர்ந்துகொண்டிருந்தோம். ஊசி சிவப்பைத் தொட்டது. ஒதுக்கி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே அது மடமடவென்று இறங்கிவிட்டது. சரி, தணிந்துவிட்டது என்று நிம்மதியாக மேலே ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் இன்ஜினில் இழுவையே இல்லாமல் போனது.

ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிழிந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் முழுவதும் வழியிலேயே கொட்டியிருந்தது. சென்சார் கூலன்டில் மூழ்கியிருக்கும் வரைதான் அந்த ஊசி சொல்வது உண்மை. சுற்றிலும் வெறும் ஆவியும் காற்றும் மட்டும் நின்றால், இன்ஜின் தகித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி இறங்கும். இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய், வண்டி பல வாரம் ஸ்டாண்டில் நின்றது. கூட வந்தவர்கள் அன்று வெயிலில் நடந்தே இறங்கினார்கள். அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு, வண்டி ஹீட் ஆகிறது என்று யார் வந்தாலும் பானெட்டைத் திறக்கும் முன் ஒன்று கேட்பேன்: எப்போது? நல்ல சாலையில் வேகமாகப் போகும்போது ஏறுகிறது என்றால் சந்தேகம் தண்ணீர்ப் பக்கம் போகும். ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்திருக்கலாம், வாட்டர் பம்ப்பின் இறக்கை அரித்திருக்கலாம், பம்ப் உறிஞ்சும் வேகத்தில் கீழ் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். ஊர்ந்து ஏறும்போது மட்டும் என்றால் காற்றுப் பக்கம், அதாவது ரேடியேட்டர் வழியாகப் போதிய காற்று போகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது என்றால், எரி அறையின் வாயு கூலன்டுக்குள் போகிறது, ஹெட் கேஸ்கெட்டைத்தான் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியையும் விடக்கூடாது. அது கூலன்டை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. ஒரு பிஎஸ்ஐ (அழுத்தத்தின் ஓர் அலகு) கூடினால் கூலன்டின் கொதிநிலை ஏறத்தாழ 1.5 டிகிரி செல்சியஸ் கூடும். 13 பிஎஸ்ஐ வரை பிடித்துவைக்கும் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துபோனால் கிட்டத்தட்ட 20 டிகிரி பாதுகாப்பு போய்விடும்.

என்னிடம் வந்த வண்டிகளில் அதிகம் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய டீசல் வண்டி. வேறொரு பட்டறையில் பம்ப் மாற்றி, ரேடியேட்டரை உள்ளே கழுவி, கடைசியில், கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் கழற்றியிருந்தார்கள். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் குளிர்ந்து ஓடும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. பல பழைய இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு, ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். அந்த வண்டியும் அந்த வகைதான்.

அது ஊர்ந்து ஏறும்போது மட்டும் கொதித்தது. இன்ஜினை ஓடவிட்டு கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தேன். ஃபேன் இழுக்கும் வேகத்தில் தாள் கிரில்லில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இது லேசாக ஆடிவிட்டு நழுவி விழுந்தது. ஃபேனை இன்ஜினோடு இணைத்துச் சுழற்றும் கிளட்ச் நன்றாகவே இருந்தது. ஆனால் ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூடு இல்லை. எப்போதோ கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. கூடு இல்லாத ஃபேன் பக்கத்தில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

ரேடியேட்டருக்கு முன்னால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரிந்தது. அதன் மேல் போல்ட்டுகளைத் தளர்த்தி, பைப்பைக் கழற்றாமல் கொஞ்சம் முன்னால் சாய்த்தேன். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, கம்பளித் துண்டு மாதிரி ஒரு பழுப்பு அடுக்கு. காய்ந்த சேறு, புல் விதைகள், பூச்சி இறக்கைகள். விரலால் தொட்டால் ஓரம் மட்டும் பொடிந்தது. அதன் வழியாகக் காற்று எப்படிப் போகும்? ஊற வைத்து, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினேன். பிரஷர் வாஷர் அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்கள் மடிந்து இன்னும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தெளிவாக வர மாலை ஆகிவிட்டது.

அப்புறம் தகரத்தில் கூடு ஒன்று செய்தோம். இன்ஜின் மவுன்ட்டில் குலுங்கும் என்பதால் இறக்கை நுனிக்கும் கூட்டுக்கும் சுமார் ஓர் அங்குலம் இடைவெளி. இறக்கையின் அகலத்தில் பாதி கூட்டுக்குள் இருக்கும்படி பொருத்தினோம். புது தெர்மோஸ்டாட் போட்டு, மூக்கு மேலே இருக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தி, ஹீட்டரைத் திறந்துவைத்துக் கூலன்டை நிதானமாக ஊற்றினேன். காற்றுக்குமிழி ஹெட்டில் தங்கினால் செய்த வேலை அத்தனையும் வீண். ஹெட்டில் ஒரு போல்ட்டின் அடியில் இரும்பின் சூட்டை நேரடியாக அளக்கும் சென்சார் ஒன்றையும் மாட்டினேன். அதற்குக் கூலன்ட் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மறுநாள் முழுச் சுமையோடு ஏற்றத்தில் லோ கியரில் ஏற்றினோம். உச்சி வரை ஊசி நடுவிலேயே நின்றது. நான் ஹெட் சென்சாரையும் பார்த்துக்கொண்டே வந்தேன். அதுவும் ஏறவில்லை.