நான்காம் தொகுதியும் டத்தோ கெராமாட் சாலையும்

பழைய மாணவர் சங்க மலருக்குப் பள்ளி நினைவுகளை எழுதச் சொன்னால் பாதிப் பேர் கேண்டீன் மீ கோரெங்கைப் பற்றித்தான் எழுதுவார்கள். அதில் என்னைவிட ருசி தெரிந்தவர்கள் சங்கத்தில் நிறைய இருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஆறாம் படிவத்து (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) வேதியியல், அதிலும் கனிம வேதியியல்.

நான்காம் படிவத்திலேயே உலோகங்களின் பண்புகளை மனப்பாடம் செய்திருந்தோம். பளபளக்கும், கடினமாக இருக்கும், அடர்த்தி அதிகம், உருகுநிலை அதிகம், மின்சாரத்தைக் கடத்தும், தட்டினால் தகடாகும். 80களின் தொடக்கத்தில் ஒரு நாள், முதல் பாடத்தில், வேதியியல் சார் அதை எங்கள் வாயாலேயே சொல்ல வைத்துப் பலகையில் எழுதினார். பிறகு ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார். கடினமா? சோடியத்தைக் கத்தியால் நறுக்கலாம். அடர்த்தியா? சோடியமும் பொட்டாசியமும் நீரில் மிதக்கும், லித்தியம் மண்ணெண்ணெயிலேயே மிதக்கும். உருகுநிலையா? டங்ஸ்டனுக்கு 3,422 டிகிரி, பாதரசத்துக்கு மைனஸ் 39. காலியம் 29.8 டிகிரியில் உருகிவிடும். "பினாங்கு மத்தியான வெயிலுக்கு அது புட்டியிலேயே கரைஞ்சு கிடக்கும்" என்றார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் காலியம் வாங்கக் காசில்லை என்பது வேறு விஷயம்.

பலகையில் மிஞ்சியது மின்கடத்தல் ஒன்றுதான். அதிலும் ஒரு நிபந்தனை வைத்தார். சூடு ஏற ஏற உலோகத்தில் மின்கடத்தல் குறையும், சிலிக்கான் மாதிரிப் பொருள்களில் கூடும். உலோகத்தில் எலெக்ட்ரான்கள் ஏற்கெனவே விடுபட்டுத்தான் திரிகின்றன. சூடு ஏறினால் அணுக்களின் அதிர்வு கூடி, அவற்றின் ஓட்டத்துக்கு இடைஞ்சல் ஆகிறது. சிலிக்கானிலோ சூடுதான் எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. "வெளி எலெக்ட்ரானை யார் சுலபமா விட்டுக்கொடுக்கிறான்னு பாருங்கப்பா, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வரும்." வகுப்பு முழுக்க மலாயில்தான் நடக்கும். இந்த மாதிரி வாக்கியங்களை மணி அடித்த பிறகு எங்களில் சிலரை நிறுத்தி வைத்துத் தமிழில் சொல்வார்.

அவருக்குப் பிடித்த இடம் தனிம அட்டவணையின் நான்காம் தொகுதி. இப்போது அதைப் பதினான்காம் தொகுதி என்கிறார்கள். கரிமம், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். மேலே அலோகம், கீழே உலோகம். வெள்ளீயம் எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டு, கையளவு வெள்ளீயப் பட்டை ஒன்றை எங்கள் காதருகே வைத்து வளைத்தார். கிறீச்சென்று சத்தம் வந்தது. உள்ளே படிகங்கள் திடீரென்று இடம் மாறுவதால் வரும் சத்தம் அது. இந்த உலோகத்தையே 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் வைத்தால் வைரத்தின் அமைப்புக்கு மாறிச் சாம்பல் நிறமாகும். அடர்த்தி 7.3லிருந்து 5.8க்கு இறங்கும், கன அளவு கால் பங்குக்கு மேல் பெருகும், கடைசியில் பொடியாக உதிரும். அதாவது குளிர் பட்டால் சிலிக்கான் பக்கம் சாய்கிற உலோகம். பினாங்கில் அந்தக் கவலை இல்லை. நான் இருக்கும் ஆக்லாந்தில் குளிர்காலம் முழுக்க உண்டு.

வெள்ளீயத்தை அவர் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் பக்கத்திலேயே இருந்தது. 1897இல் லீ சின் ஹோ ஜார்ஜ்டவுனில் தொடங்கிய உருக்காலை 1907இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனி ஆனது. இடம் டத்தோ கெராமாட் சாலை. இப்போது அங்கே பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கிறது. கம்பெனியின் பழைய அலுவலகமான பர்ச் ஹவுஸை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் இருந்த வெள்ளீயச் சுரங்கங்களிலிருந்து தாது வரும். கேசிட்டரைட் என்கிற வெள்ளீய ஆக்சைடு அது. நிலக்கரியோடு உலையில் ஏற்றினால் கரிமம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், வெள்ளீயம் வெளியே ஓடும். புத்தகத்தில் ஒரே ஒரு சமன்பாடு. உலையில் அவ்வளவு சுலபமில்லை என்பார் சார். வெள்ளீய ஆக்சைடு அமிலத்தோடும் சேரும், காரத்தோடும் சேரும். உலையில் அமிலம் மாதிரி நடக்கும் மணல் கூடினால் சிலிக்கேட்டாகவும், காரமான சுண்ணாம்பு கூடினால் ஸ்டானேட்டாகவும் கசடுக்குள் போய்ப் பதுங்கிவிடும். அதனால் முதல் கசடை மறுபடி உருக்கியே ஆக வேண்டும். ஈரியல்பு ஆக்சைடு என்று தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுவதை, ஒரு கம்பெனி எரிபொருளும் கூலியும் கொடுத்துச் சமாளிக்கிறது என்று அன்றுதான் உறைத்தது. அந்தக் கசடிலும் காசு இருந்தது. மலேசிய, தாய்லாந்து வெள்ளீயக் கசடுகளிலிருந்து டாண்டலம் என்கிற உலோகத்தை எடுத்து மின்தேக்கிகள் செய்தார்கள்.

செய்முறை வகுப்பில் எனக்குப் பிடித்தது, பாதரச உப்பான மெர்க்குரிக் குளோரைடின் கரைசலில் வெள்ளீய உப்பான ஸ்டானஸ் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விடுவது. முதலில் வெள்ளை வீழ்படிவு வரும். இன்னும் விட்டால் சாம்பல் நிறமாகும். அந்தச் சாம்பல் பாதரசமேதான். வெள்ளீயம் +2இல், அதாவது இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த நிலையில், இருந்தாலும் இன்னும் இரண்டை விட்டு +4க்குப் போகவே துடிக்கும், போகிற வழியில் எலெக்ட்ரானை எதிரே இருப்பவனிடம் தள்ளிவிடும். காரீயம் நேர்மாறு. அதற்கு +2தான் சுகம். +4இல் இருக்கும் காரீய டையாக்சைடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து குளோரினையே கிளப்பிவிடும்.

வீட்டிலும் நான்காம் தொகுதி இருந்தது. பாட்டி ரசம் வைக்கிற ஈயச் சொம்பு சுத்த வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். அதனால் புளித்தண்ணீரை ஊற்றாமல் அடுப்பில் ஏற்ற விடமாட்டார். அக்கா பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் சோல்டர் (பற்றவைப்பு) வரிசையில் நின்றார். காரீயம் தனியே 327இல் உருகும். ஆனால் 63 பங்கு வெள்ளீயத்தோடு 37 பங்கு காரீயம் சேர்த்துச் செய்யும் சோல்டர் இரண்டையும்விடக் கீழே, 183இலேயே உருகும். சாரிடம் இதைச் சொன்னபோது, உங்கள் அக்காவை வந்து பாடம் எடுக்கச் சொல் என்றார். அக்கா சிரித்ததோடு சரி.

1985 அக்டோபரில், வெள்ளீய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக வெள்ளீய மன்றத்தின் பணம் தீர்ந்தது, லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வணிகம் நின்றது, சில மாதங்களில் விலை பாதிக்கும் கீழே போனது. பேராக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன்.

சார் விடை சொல்லாமல் விட்ட கேள்விகள் இரண்டு. பாதரசம் மட்டும் ஏன் திரவம்? காரீயம் ஏன் அந்த இரண்டு எலெக்ட்ரான்களை விட மறுக்கிறது? இரண்டாவதற்குப் பாடத்திட்டம் 'மந்த இணை விளைவு' என்று பெயர் வைத்திருந்தது. பெயர் வைப்பது விளக்கம் ஆகாது என்று சார் முணுமுணுப்பார். இரண்டுக்கும் விடை பெரும்பாலும் ஐன்ஸ்டைனின் சார்பியலில் இருக்கிறது. இவ்வளவு கனமான அணுக்களில் கருவை ஒட்டிய எலெக்ட்ரான்கள் ஒளிவேகத்தில் பாதிக்கும் மேல் ஓடுகின்றன. அந்த வேகத்தின் விளைவாக வெளி இணையும் உள்ளே இழுக்கப்பட்டு இறுகிவிடுகிறது. சார்பியலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பாதரசம் ஏறத்தாழ 82 டிகிரி வரை திண்மமாகவே இருக்கும் என்று 2013இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் குழுவில் ஒருவர் இதே ஆக்லாந்தில், மாஸ்ஸி பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த பீட்டர் ஷ்வெர்ட்ஃபெகர். அதற்கு முன் 2011இல் வேறொரு குழு கார் பேட்டரியை எடுத்துக்கொண்டது. ஓர் அறை தரும் சுமார் 2.1 வோல்ட்டில் 1.7 வோல்ட்டுக்குக் குறையாமல் சார்பியல் தருவது என்று கண்டார்கள். காரீயத்துக்கு நேர் மேலே இருந்தும் வெள்ளீயத்தில் அப்படி ஒரு பேட்டரி இல்லாததற்கு இதுதான் காரணம்.

இரண்டு கட்டுரைகளையும் நகலெடுத்து சாருக்கு அனுப்பினேன். பதில் வந்தது. இதெல்லாம் பாடத்திட்டத்தில் எப்போது வரும் என்று என்னிடம் கேட்டிருந்தார்.